குச்சிக்கட்டைப் பிரிக்கலாமா: ராயபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில கழித்தல் கணக்கு பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

காசிமேடு துறைமுகத்துக்கும் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவுல இருக்குற ஒரு மாநகராட்சிப் பள்ளி, போர்டுல சென்னை தொடக்கப் பள்ளின்னு போட்டிருக்கும், எந்தத் தெருன்னு சொல்லல. எல்கேஜி யூகேஜி தனியா ஓடுது. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் ஹெச்எம்மையும் சேர்த்து நாலே டீச்சர், அதனால நாலாவதும் அஞ்சாவதும் ஒரே ரூம்ல உக்காரும், ஒரு பக்கம் இவங்க ஒரு பக்கம் அவங்க. பாதிக்கு மேல மீன் தொழில் பண்ற வீட்டுப் பசங்க, மிச்சம் ஹார்பர்ல லோடு வேலை, ஆட்டோ, வீட்டு வேலைக்குப் போற அம்மாங்களோட பசங்க, அப்புறம் பீகார்ல இருந்து வந்து வாடகைக்கு இருக்குற சில குடும்பம்.

நான் டீச்சர் டிரெயினிங் ரெண்டாவது வருஷம், கற்பித்தல் பயிற்சிக்கு இந்த ஸ்கூல் போட்டாங்க, கூடவே ஒரு நிகழ்வு ஆய்வு எழுதித் தரணும். எங்க செட்ல எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா சுமாரா படிக்கிற ஒரு பையனைப் புடிச்சு 'மெல்லக் கற்கும் மாணவர்'னு தலைப்பு போட்டு, வீட்டுச் சூழல், தந்தை குடிப்பழக்கம், பரிந்துரைகள்னு எழுதி ரெக்கார்டை முடிச்சிடுவாங்க. எனக்கு அது ஒத்து வரல, பையன் மேலயே பழி போடுற மாதிரி இருக்கு. அதனால பையனுக்குப் பதிலா ஒரு கணக்கை எடுத்துக்கிட்டேன், கழித்தல். அது ஒண்ணாவதுல எப்படி ஆரம்பிக்குது, அஞ்சாவதுக்குப் போறப்ப என்ன ஆகுது, நடுவுல எங்க புட்டுக்குது, அவ்ளோதான் ஆய்வு. 2024-25 வருஷத்துல ரெண்டாம் பருவம் முழுக்க (மழை லீவு போக) பாத்தது, மூணாம் பருவத்துல கொஞ்சம்.

ஏன் கழித்தல்னா, எல்லா கிளாஸ் கரும்பலகை ஓரத்துலயும் தினமும் ஒரு கழித்தல் கணக்கு இருக்கு, யாரும் அதை கணக்குன்னு நினைக்கிறதில்ல. 'பதிவு 27, வருகை 21'. லீடர் வந்து சாக்பீஸால எழுதிட்டுப் போயிடும். அஞ்சாவது லீடர் பொண்ணுகிட்ட 'இன்னிக்கு எத்தனை பேர் வரல'ன்னு கேட்டேன், போர்டைத் திரும்பிக் கூட பாக்கல, வராத பசங்க பேரை ஒண்ணொண்ணா சொல்லி விரலை மடக்கி மடக்கி 'ஆறு பேர் மிஸ்'னு சொல்லிச்சு. விடை சரிதான். ஆனா அந்த ரெண்டு எண்ணுக்கும் அந்த ஆறுக்கும் சம்பந்தம் இருக்குறதா அது மனசுல இல்ல.

இப்ப கிளாஸ் வாரியா வரேன்.

ஒண்ணாவதுல பாய் போட்டு கீழ உக்காந்து, நடுவுல புளியங்கொட்டை, பாட்டில் மூடி, கடற்கரையில பொறுக்குன கிளிஞ்சல். ஒன்பது வை, மூணு எடு, மீதி எண்ணு. இதுல யாருக்கும் பிரச்சனை இல்ல, ஜாலியா பண்றாங்க, கிளிஞ்சலுக்கு சண்டை போடுறது தவிர. கொட்டையை எடுத்துட்டு மனசுல பண்ணச் சொன்னாதான் ஒண்ணு வருது. 9ல 3 போனா எவ்ளோன்னு கேட்டா ஒரு பையன் விரலைக் காட்டி 'ஒம்போது, எட்டு, ஏழு' சொல்லிட்டு 'ஏழு மிஸ்'ங்குறான். மூணு எண் சொன்னான் இல்ல, கடைசியா சொன்னதுதான் விடைன்னு முடிவு பண்ணிட்டான், ஒம்போதையே முதல் படியா எண்ணிட்டான். இது சின்னத் தப்பு, ஒரு மாசத்துல பாதிப் பேருக்கு தானா சரியாயிடும், சரியாகாதவங்க இதைத் தூக்கிக்கிட்டே மூணாவது வரைக்கும் வராங்க, விடை எப்பவும் ஒண்ணு கூட இருக்கும்.

ரெண்டாவதுலதான் எனக்கு மெயின் விஷயம் கிடைச்சுது. இங்க எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். கொரோனாவுல ஸ்கூல் மூடிக் கிடந்ததுல பசங்களுக்கு எழுத்தும் எண்ணும் விட்டுப் போச்சுன்னு 2022 ஜூன்ல ஒண்ணு டு மூணுக்கு கொண்டு வந்தாங்க, 2025க்குள்ள எட்டு வயசுக்கு உட்பட்ட எல்லா பசங்களுக்கும் அடிப்படை வந்துடணும்னு இலக்கு, 2023ல நாலு அஞ்சுக்கும் விரிச்சாங்க. வகுப்பு எதுன்னு பாக்காம நிலை என்னன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு தனித்தனி பயிற்சி நூல் குடுக்குறாங்க. நல்ல யோசனைதான், எழுத்து வாசிப்புல நல்லாவே வேலை செய்யுது, ரெண்டாவதுல அரும்புல உக்காந்து ட, ப, ம எழுதிக்கிட்டு இருந்த ஒரு பையன் பொங்கலுக்குள்ள பஸ் போர்டு படிக்க ஆரம்பிச்சுட்டான். கணக்குல அவ்ளோ சுலபமா நிலை பிரிக்க முடியல, ஏன்னா தாள்ல விடை சரியா வர்றவனுக்கும் புரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல.

ரெண்டாவது மிஸ் ஐஸ் குச்சியைப் பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்காங்க. ஒரு கட்டுன்னா பத்து, தனிக் குச்சின்னா ஒண்ணு. 42 வைக்கச் சொன்னா நாலு கட்டு ரெண்டு குச்சி டக்குன்னு வச்சிடுவாங்க. அதுல 17 எடுக்கணும். மாணவி அ (பேர் போடக் கூடாதுன்னு இப்படி வைக்கிறேன்) ஒரு கட்டை எடுத்து ஓரமா வச்சிடுச்சு, பத்து ஆச்சு. இன்னும் ஏழு. தனியா இருக்குறது ரெண்டுதான். கொஞ்ச நேரம் பாத்துச்சு, 'பத்தல மிஸ்'னுச்சு. நான் எதுவும் சொல்லல. பக்கத்துல இருந்த பையன்கிட்ட கையை நீட்டி 'டேய் அஞ்சு குச்சி குடுடா'ன்னு வாங்கி, தன்னோட ரெண்டோட சேர்த்து ஏழாக்கி, அந்த ஏழையும் ஓரமா தள்ளிட்டு, மிச்சம் இருக்குற மூணு கட்டைக் காட்டி 'முப்பது மிஸ்'.

விடை 25. ஆனா அந்தப் பொண்ணு செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல பாருங்க, இல்லாததை எங்கயிருந்தாவது கொண்டு வரணும், கொண்டு வந்துச்சு. கைல முப்பது குச்சி கட்டு கட்டா இருக்குறப்ப ஏன் ஒரு கட்டைப் பிரிக்கலன்னு கேட்டேன். 'கட்டைப் பிரிக்கக் கூடாது, ரப்பர் பேண்டு தொலைஞ்சிரும்னு மிஸ் சொல்லிக்கீறாங்க'.

மிஸ்கிட்ட கேட்டேன், சிரிச்சுட்டாங்க, உண்மைதான்னாங்க. முதல் பருவத்துல பத்து பத்தா கட்டு போட சொல்லித் தந்தப்ப பசங்க கட்டைப் பிரிச்சு ரப்பர் பேண்டை அடிச்சு விளையாடி எல்லாம் காலி, அதுல இருந்து ஒரே ரூல், கட்டு கட்டாவே இருக்கணும், கட்டுப் பெட்டியில எண்ணி வைக்கணும். ரூலு பருவம் மாறுனப்ப மாறல. முப்பது பேர் இருக்குற ரூம்ல ரூல் இல்லாம ஓட்ட முடியாது, அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா கழித்தல்ல வர்ற அந்த ஒரு முக்கியமான காரியம், பத்தை உடைச்சு பத்து ஒண்ணா ஆக்குறது, அதை மட்டும் இந்தப் பசங்க கையால செஞ்சதே இல்ல. கட்டு போட்டது நூறு தடவை இருக்கும்.

மூணாவதுக்குப் போனா குச்சியே கிடையாது. பெட்டி ஒண்ணுதான், அது ரெண்டாவதோடது. அரசாங்கம் குடுத்த கணித உபகரணப் பெட்டி ஹெச்எம் ரூம் பீரோவுல இருக்கு, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு, ஒரு சாமான் தொலைஞ்சா யார் பதில் சொல்றதுன்னு வெளிய வர்றதில்ல (இது எங்க ஸ்கூல் கதை மட்டும் இல்லன்னு டிரெயினிங்ல வேற ஸ்கூல் போன பிரெண்ட்ஸ் எல்லாரும் சொல்றாங்க). போர்டுல நேரா கட்டம் போட்டு 'மேல சின்ன எண்ணு இருந்தா பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கு'ன்னு பாட்டு மாதிரி சொல்லித் தராங்க. இதுக்கு ஒரு பையன், 'எப்போ மிஸ் திருப்பித் தரணும்?' கிளாஸே சிரிச்சுது. அவன் காமெடிக்கு கேக்கல, வாராவாரம் வாசல்ல தண்டல்காரர் வந்து நிக்கிற வீடு, கடன்னா திருப்பித் தரணும்னு நல்லாத் தெரியும்.

402ல 178 கழிக்கச் சொல்லி ஒரு தாள் குடுத்தேன், மூணாவதுக்கும் நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் அதே கணக்கு. சரியான விடை 224. அதிகமா வந்த விடை 376. மூணு கிளாஸ்லயும். எப்படி வருதுன்னா ஒன்றாம் இடத்துல 2ல 8 போகாது, சரி 8ல 2 போனா 6, பத்தாம் இடத்துல 0ல 7 போகாது, 7ல 0 போனா 7, அப்புறம் 4ல 1 போனா 3. எது பெருசோ அதுல இருந்து சின்னதைக் கழி, மேல கீழ எதுன்னு பாக்காத. சில பேர் கடன் வாங்கணும்னு ஞாபகம் வச்சிருக்காங்க, ஆனா பக்கத்து வீட்டுல பூஜ்யம் இருக்கே, அதனால அதைத் தாண்டி 4 கிட்ட நேரா போய் வாங்கி ஒன்றாம் இடத்துக்குக் குடுத்துட்டு, பூஜ்யத்தை அப்படியே விட்டு அதுல மறுபடியும் தலைகீழா கழிச்சு 274 போட்டிருக்காங்க. அஞ்சாவது தாளை மேல வச்சு பேரை மறைச்சா மூணாவதுதுன்னு நினைப்பீங்க.

இதோட இன்னொண்ணு சேருது, எண்ணைக் காதுல கேட்டு எழுதுறது. 'இருநூற்று அஞ்சு' சொன்னா 2005னு எழுதுறது எல்லா ஊர்லயும் உள்ளது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் தனித் தலைவலி, தொண்ணூறுல நூறு காதுல விழுது, தொள்ளாயிரத்துல ஆயிரம் விழுது, அதனால தொள்ளாயிரத்து அஞ்சுன்னா 1005, 9005 ரெண்டும் வரும். பீகார் குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு, எண்ணா போர்டுல போட்டா கட்டம் கட்டமா சரியா கழிச்சிடும், தமிழ்ல வாக்கியக் கணக்கா குடுத்தா பேனாவை கீழ வச்சிடும். அது தனியா எழுத வேண்டிய ஆய்வு, இங்க விட்டுடுறேன்.

அஞ்சாவதுல இது எப்படி வெடிக்குதுன்னு ஒரு உதாரணம். உள்ளூர் வரலாறுன்னு ஒரு செயல்பாடு குடுத்தேன், பக்கத்துலயே ராயபுரம் ஸ்டேஷன் இருக்கு, 1856ல திறந்தது, தென்னிந்தியாவுல இன்னிக்கும் நிக்கிறதுல பழைய ஸ்டேஷன் இதுதான், முதல் ரயில் இங்கயிருந்து ஆற்காடு பக்கம் போச்சு. சார்ட்ல படம் வரைஞ்சு கட்டம் போட்டு அழகா பண்ணாங்க, ரயில் பொட்டிக்கு கலர் அடிச்சது சூப்பர். கீழ 'ஸ்டேஷனின் வயது 1832 ஆண்டுகள்'. 2024ல 1856 போச்சுன்னா அதே தலைகீழ் வித்தை. சங்க காலத்துல ரயிலு ஓடியிருக்கு. எழுதுன அஞ்சு பேர் குழுவுல ஒருத்தருக்குக் கூட இது உறுத்தல, அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. 168னு வர வேண்டியது. வகுத்தலும் அப்படித்தான், 'அஞ்சாவது வந்தும் வகுக்கத் தெரியல'ன்னு மிஸ் புலம்புவாங்க, நோட்டை எடுத்துப் பாத்தா வாய்ப்பாடு எல்லாம் சரி, ஒவ்வொரு படியிலயும் கீழ கழிக்கிறப்பதான் புட்டுக்குது.

இப்ப மாணவன் க. நாலாவது. அம்மா மார்க்கெட்ல மீன் விக்கிறவங்க, லீவு நாள்ல இவன் பக்கத்துல உக்காந்து காசு வாங்கிப் போடுவான். இவன் தாள்லயும் 376. நான் அவனைத் தனியா கூப்பிட்டு, நானூத்தி ரெண்டு ரூபா வச்சிருக்கே, நூத்தி எழுவத்தெட்டு ரூபாய்க்கு வஞ்சிரம் வாங்குனே, மீதி எவ்ளோன்னேன். 'அந்த காசுக்கு வஞ்சிரமா'ன்னு முதல்ல என்னை ஒரு மாதிரி பாத்தான், சரி சங்கரான்னு வச்சுக்கோன்னேன். கண்ணை மேல தூக்கி, 'நூத்தி எழுவத்தெட்டா, ரெண்டு குடுத்தா நூத்தி எம்பது, ஒரு இருவது குடுத்தா இருநூறு, அப்புறம் ஒரு இருநூறு, ரெண்டு, இருநூத்தி இருவத்தி நாலு'. சில்லறை திருப்பிக் குடுக்குற முறை, கழிக்கவே இல்ல, கீழ இருந்து கூட்டிக்கிட்டே மேல ஏறிட்டான். அவன் தாளை எடுத்துக் காட்டி இதுல 376 போட்டிருக்கியே, எது சரின்னு கேட்டேன். 'அது கடை கணக்கு மிஸ். இது நோட்டு கணக்கு.' ரெண்டுக்கும் வேற வேற விடை வரலாம்னு அவனுக்கு ஒரு சங்கடமும் இல்ல.

இதை வச்சு ஸ்டாஃப் ரூம்ல (ஸ்டாஃப் ரூம்னா ஹெச்எம் மேஜை ஓரம்) பேசுனோம். சீனியர் மிஸ் ஒருத்தங்க செயல்வழிக் கற்றல் காலத்து ஆள். 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்லதான் அது முதல்ல ஆரம்பிச்சுது, ஆந்திராவுல இருக்குற ரிஷிவேலி பள்ளியோட முறையைப் பாத்து, அப்புறம்தான் தமிழ்நாடு முழுக்க போச்சு. ஏணிப்படி சார்ட், அட்டை, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம், பையன் தன் அட்டையை முடிச்சாதான் அடுத்த படி, ஒரே ரூம்ல வேற வேற வகுப்புப் பசங்க ஒண்ணா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தருவாங்க. எங்க ரூம் சுவத்துல இடுப்பு உயரத்துக்கு கருப்பு பெயிண்ட் பட்டை இன்னும் இருக்கு, அந்தக் காலத்துல ஒவ்வொரு பையனுக்கும் அதுல ஒரு துண்டு இடம், இப்ப அதுக்கு மேல சார்ட் ஒட்டியாச்சு. அந்த மிஸ் அதைப் பெருசா புகழல, 'அட்டையை அடுக்குறதுலயே என் உசுரு போச்சும்மா'ன்னாங்க. ஆனா பெரிய பசங்களை சின்னப் பசங்க கூட உக்கார வைக்கிறதை விட்டிருக்கக் கூடாதுன்னாங்க. அதுல இருந்துதான் ஐடியா வந்துச்சு.

வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட், அஞ்சாவது பசங்க ரெண்டாவதுக்குப் போவாங்க, 'ஹெல்ப்பர்'. உண்மையில கழித்தல் வராத அஞ்சாவது பசங்களைத்தான் பொறுக்கி அனுப்புனோம், அவங்ககிட்ட சொல்லல. அஞ்சாவது பையனை ஐஸ் குச்சி வச்சு எண்ணச் சொன்னா அவமானம், சின்னவனுக்கு சொல்லித் தரன்னா கெத்து. ரெண்டாவது மிஸ் தன் கைக்காசுல ஒரு பெரிய பாக்கெட் ரப்பர் பேண்ட் வாங்கி வந்து போட்டு, ரூலை மாத்திட்டாங்க, 'இன்னிக்கு எவ்ளோ வேணா பிரிக்கலாம்'. முதல் வாரம் ரப்பர் பேண்ட் யுத்தம்தான் நடந்துச்சு, ஒண்ணும் நடக்கல. அடுத்தடுத்து அடங்குச்சு.

மூணாவதுக்கு குச்சி கட்டுப்படி ஆகாது, மூணு இலக்கத்துக்கு எவ்ளோ கட்டுறது, அதனால பழைய நோட்டு பேப்பர் கிழிச்சு நூறு, பத்து, ஒண்ணு எழுதி நோட்டு அடிச்சோம். கடைக்காரர் சரியான சில்லறைதான் வாங்குவார், இல்லன்னா பக்கத்துல 'பேங்க்'ல போய் மாத்திட்டு வரணும். கைல நாலு நூறு, ரெண்டு ஒண்ணு. எட்டு ரூபா குடுக்கணும். நூறை மாத்தி பத்து பத்தா வாங்கு, அதுல ஒரு பத்தை மாத்தி ஒண்ணு ஒண்ணா வாங்கு. பூஜ்யத்தைத் தாண்டி குதிக்கவே முடியாது, ஏன்னா பேங்க்ல உக்காந்திருக்குற பொண்ணு ரொம்ப கறார், ஒரு நூறுக்கு ஒத்தை ஒத்தையா நூறு சீட்டு எண்ணித் தர மாட்டேன்னுடுச்சு. கடன்ங்குற பேச்சை மூணாவது மிஸ்ஸே நிறுத்திட்டாங்க, 'மாத்து'ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அவங்க யாரும் சொல்லித் தரல, விளையாட்டைப் பாத்துட்டு அவங்களா.

இதுல ஒரு விஷயத்துல மட்டும் மிஸ்ஸுங்களுக்கும் எனக்கும் ஒத்துப் போகல. மாணவன் க கூட்டிக்கிட்டே ஏறுறானே, அதை நோட்டுல எழுத விடலாமான்னு. அவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு, பரீட்சைல கட்டம் போட்டு படிப்படியா போட்டாதான் மார்க், ஆறாவதுல போய் திட்டு வாங்குவான். நான் விடணும்னுதான் சொன்னேன், இப்பவும் அதான் என் கருத்து, ரெண்டு வழியிலயும் போட்டு விடை ஒத்து வருதான்னு அவனே பாத்துக்கிட்டா அதை விட நல்ல சோதனை வேற எது. கடைசியில ஓரத்துல சின்னதா எழுதிக்கலாம்னு சமாதானம் ஆச்சு.

முடிவுன்னு பாத்தா எல்லாருக்கும் வரல, அதையும் எழுதணும். மாணவி அ கட்டைப் பிரிக்குது, குச்சி இல்லாம போர்டுல போடச் சொன்னா இன்னும் தடுமாறுது, பரவால்ல, ரெண்டாவதுதானே. மூணாவதுல பூஜ்யம் நடுவுல வந்தாலும் போடுறவங்க கூடியிருக்காங்க, ரெண்டு பூஜ்யம் வந்தா, அதாவது 500 மாதிரி, மறுபடியும் குழப்பம். அஞ்சாவது ஹெல்ப்பருங்கள்ல நல்லா வந்தவங்களும் இருக்காங்க, ரெண்டு பசங்க ரெண்டாவதுக்குப் போய் குச்சி வச்சு விளையாடுனதோட சரி, அவங்க தாள்ல இன்னும் தலைகீழ்தான். மூணாம் பருவத் தேர்வுல மாணவன் கவுக்கு 305ல 148 வந்துச்சு, ஓரத்துல குட்டியா 2, 150, 5னு மூணு எண்ணு எழுதி கூட்டி 157 வச்சிருக்கான், கட்டத்துக்குள்ள முதல்ல 243 போட்டு அடிச்சுட்டு திரும்ப மாத்தி மாத்தி 157 கொண்டு வந்திருக்கான். அந்த அடிச்ச 243ஐத்தான் என் ரெக்கார்ட்ல போட்டோ ஒட்டியிருக்கேன்.

பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல மூணாவதுக்கும் நாலு அஞ்சு ரூமுக்கும் தனித்தனியா குச்சிப் பெட்டி கேட்டிருக்காங்க, ஒரு அம்மா ஐஸ் கம்பெனியில சொல்லி குச்சி மொத்தமா வாங்கித் தரேன்னாங்க. பீரோவுல இருக்குற உபகரணப் பெட்டியையும் மாசம் ஒரு கிளாஸ்னு கையெழுத்து போட்டு வெளிய எடுக்க ஹெச்எம் ஒத்துக்கிட்டாங்க. அஞ்சாவது பசங்க ஜூன்ல ஆறாவதுக்கு வேற ஸ்கூல் போயிடுவாங்க, கூட போறது டிசியும் மார்க்கும்தான், யாருக்கு எங்க இடிக்குதுன்னு எழுத எந்தப் படிவத்துலயும் இடம் இல்ல. அதனால மிஸ் ஒவ்வொருத்தர் கணக்கு நோட்டுலயும் கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க, புது ஸ்கூல்ல காட்டச் சொல்லி.